முதலாவதாக வந்த கழனி

உன் வருஷப் படையல் முடிந்து திரும்பும் வழியில், திண்டிவனத்தில் பேருந்து மாற நின்றேன். பக்கத்து ஆலையில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புழுங்கிய வாடைக்கும் நீ கணக்கு வைத்திருப்பாய்: அடுப்பில் எரியும் உமி எவ்வளவு, நெல் ஊறிய தண்ணீர் எங்கே போகிறது என்று. எதையும் சும்மா முகர விடமாட்டாய், பாவி.

ஒரு கிலோ அரிசியின் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. நாம் சேர்ந்து செய்த வேலைக்கு அதுதான் பெயர். விதையில் தொடங்கி உரம், டீசல், மோட்டார், ஆலை, லாரி, சமையல் அடுப்பு வரைக்கும், அந்த ஒரு கிலோ மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் என்ன பாடுபடுத்துகிறது என்று கூட்டிச் சொல்ல வேண்டும். மயிலத்துக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டில் இதை விளக்கியபோது உன் அப்பா சிரித்தார். "அரிசிக்கு ஜாதகம் எழுதிக்கினு இருக்கீங்களா? எழுதுங்க, எழுதுங்க."

தண்ணீர் இறைக்கும் மோட்டார்தான் நம்மைப் படாதபாடு படுத்தியது. இலவச மின்சாரம், மீட்டர் கிடையாது. எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று யாரைக் கேட்டாலும், "கரண்டு வந்தா ஓடும், போனா நிக்கும்" என்பார்கள். கழனி கழனியாக உட்கார்ந்து நீதான் குறித்தாய். கடைசியில் வரிசைப்படுத்திப் பார்த்தால், உங்கள் கழனிதான் எல்லாவற்றையும்விட மோசம். தண்ணீரை உறிஞ்சுவதிலும் சரி, தேங்கிய சேற்றிலிருந்து மீத்தேன் விடுவதிலும் சரி.

ஊர்க் கூட்டத்தில் சுவரில் படம் காட்டினோம். ஒவ்வொரு கழனிக்கும் ஒரு கோடு, உங்களுடையதுதான் உயரம். நீ வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்தீங்களா, எங்க கயினிதான் ஃபர்ஸ்ட்டு! எம் பொண்ணு கண்டுபுடிச்சது!" எல்லோரும் கைதட்டினார்கள்.

"சொல்லுடி" என்று உன்னை இடித்தேன்.

"அப்புறம் சொல்லிக்கறேன். இன்னிக்கி ஒரு நாள் சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்."

அடுத்த நடவுக்குள் சொல்லி, நெல்லை நிறுத்தி வேர்க்கடலை, உங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போட வைத்துவிடலாம் என்று நம்பினாய். போர்க் கிணறு வற்றினால் கடனில் நிலம் போகும், நிலம் போனால் அப்பா தாங்கமாட்டார் என்று பயந்தாய். நடவுக்கு முன்னால் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இன்று படையல் முடிந்ததும் உன் அப்பா என்னைக் கழனிக்குக் கூட்டிப்போனார். போர் போடும் வண்டி வந்து நின்றிருந்தது.

"பழசுல காத்துதாம்மா வருது. இன்னும் ஆழமா எறக்கப் போறேன்."

பக்கத்துக் கழனிகளில் மல்லாட்டை. மெல்லப் பேச்செடுத்தேன். "நீங்களும் மல்லாட்டை போடலாமேப்பா? தண்ணி கம்மியா போதும்."

"அவ ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லிட்டுப் போன நெல்லும்மா. எப்டி உடறது?" என் முகத்தையே பார்த்தார். "நீயும் கூட இருந்தியே, ஃபர்ஸ்ட்டுதானே?"

நீ சொல்லாமல் விட்டுப்போனதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உன்னை இன்னொரு தடவை அவரிடமிருந்து பிடுங்கியதாகிவிடும். சொல்லாவிட்டால் நிலம் போகும். எனக்கு அழுகைதான் வந்தது.

"ஆமாப்பா" என்றேன்.

அவர் போர் வண்டிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.