ஒரே ஆளின் கூட்டம்

அம்மாவுக்கு வணக்கம்.

நான் நலம். பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாயா? அப்பாவின் இருமல் நின்றதா?

எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்கள் ஒரே வருடத்தில் இரட்டிப்பாகிவிட்டார்களாம். சேவை அவ்வளவு உயர்ந்துவிட்டது என்று கட்டுரை எழுதிய தலைமை நூலகருக்கு, சிறந்த ஆராய்ச்சிக்கான விருது கொடுத்தார்கள். நேற்று மேடையில் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

கூட்டமாவது மண்ணாவது! லிஃப்ட் கெட்டு ஒரு வருடமாகிறது. தரைக்கு அடியில் இருக்கும் தளத்துப் புத்தகக் கட்டுகளை நான்தான் வெளிப்படி ஏறி, முன்வாசல் வழியாகச் சுமக்கிறேன். நான் நுழையும் ஒவ்வொரு தடவையும் வாசலில் இருக்கும் கருவி ஒரு வாசகர் என்று எண்ணிக்கொள்கிறது.

விழா முடிந்ததும், "சார், அந்தக் கூட்டம் நான்தான்" என்றேன்.

"தெரியும்யா. வாயத் தொறக்காத. லிஃப்ட இப்போதைக்குச் சரிபண்ண வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார், அந்தக் கல்நெஞ்சக்காரர்.

முட்டி லேசாகத்தான் வலிக்கிறது, பயப்படாதே. முட்டிக்குப் போடும் உறை இரண்டு வாங்கி அனுப்பு. கூடவே நாலு வரி எழுதி வை. தினமும் நாற்பது பேராக என்னை எண்ணுகிற இடத்தில், சாப்பிட்டாயா என்று கேட்க ஒருத்தர் இல்லை.

அந்த ஆள் கூப்பிடுகிறார். இன்றைக்கு இன்னும் எட்டு வாசகர்கள் படியேற வேண்டும்.

உன் மகன்