இரண்டாம் முறை கேட்ட பூ

ஜூன் 9, 2024, ஞாயிறு

அரிசி ஊறப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். காலையிலேயே மகன் நிதிஷ் போனில் பேசினான். போர்ச்சுகலில் வீடு முடிவாகிவிட்டது. விலா டோ கோண்டே என்று ஊர். போர்ட்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஓர் ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறதாம். பேங்க் லோன் போக, முன்பணத்துக்குக் கொமரலிங்கத்தில் இருந்த எங்கள் சைட்டை விற்ற பணம் சரியாக இருந்தது. நோட்டில் அந்தக் கணக்கைக் கோடு போட்டு முடித்தேன்.

போனைத் திருப்பிச் சமையல்கட்டு ஜன்னலைக் காட்டினான். இரண்டு ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே ஒரு முழம் அகலத்துக்குக் கடல். இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வீரபாண்டி பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷன் இவர் பொறுப்பு. பெட்டி மேல் போர்ச்சுகல் துறைமுகத்தின் பெயரை எழுதி எழுதியே கை பழகியவர்.

"அம்மிணி, பதினெட்டு வருசமா அந்த ஊருக்குப் பெட்டி அனுப்பறேன். பெட்டியெல்லாம் போய்ப் பாத்துருச்சு. நாந்தான் பாக்கி" என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

இருவருக்கும் விசா வந்துவிட்டது. முருகா, உனக்குத்தான் நன்றி.

இவர் ஒரு பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைத்திருக்கிறார். லேய்ஷோயிஷ் துறைமுகம். கடற்கரை மணலில் நிற்கும் காற்றாலைகள். உப்பளம். கல்லால் கட்டின பெரிய வாய்க்கால். ஐந்தாவதாக "நிதிஷ் ஊட்டு ஜன்னல்". அதையும் எண் போட்டு எழுத வேண்டுமா என்று சிரித்தேன். லிஸ்ட்டில் இல்லாத சரக்கு பெட்டியில் ஏறாது என்றார்.

மாலை அனுப்பர்பாளையம் போய்ப் பால் காய்ச்சப் பித்தளைப் பானை எடுத்தோம். தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு இவரே பொறுக்கினார்.

ஜூலை 2, செவ்வாய்

நிதிஷ் டிக்கெட் போட்டுவிட்டான். பத்தொன்பதாம் தேதி. காலண்டரைப் பார்த்தால் ஆடி மூன்று! ஆடியில் யாராவது புது வீட்டில் பால் காய்ச்சுவார்களா? அவனுக்கு அப்போதுதான் லீவு கிடைக்குமாம். போய் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், பாலை ஆவணி பிறந்ததும் காய்ச்சிக்கொள்ளலாம் என்கிறார் இவர். பால் காய்ச்சாத வீட்டில் ஒரு மாதம் எப்படித் தங்குவது, அதுவும் ஆடியில் கால் வைத்து?

"கடலுக்கு ஆடி ஏது அம்மிணி" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாமியிடமே கேட்டுவிடலாம் என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

கோயிலில் பூக்கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆடியிலேயே போகலாம், சிவப்பு வந்தால் ஆவணிக்கு. இவர் வண்டியை நிறுத்த வெளியே நின்றுவிட்டார்.

சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னேன். வெள்ளை.

மனது ஏற்கவில்லை. அவள் கை தட்டுத் தடுமாறித்தானே எடுத்தாள், நான் சரியாக நினைக்கவில்லையோ, பொட்டலத்தை நன்றாகக் குலுக்கவில்லையோ என்று என்னென்னவோ. திரும்பவும் மடித்து வைத்து, திரும்பவும் கேட்டேன். சிவப்பு.

வெளியே வந்து இவரிடம் சிவப்பு வந்தது என்றேன். சரி என்றார்.

பொய் இல்லையே. சிவப்பும் வந்ததுதானே?

ஜூலை 6, சனி

டிக்கெட்டை ஆகஸ்ட் 20க்கு மாற்றிவிட்டான். ஆவணி நான்கு. மாற்றியதற்கு 18,400.

ஜூலை 21, ஞாயிறு

கட்டி வைத்த பெட்டியை இவர் தினமும் ஒருமுறை திறந்து பார்க்கிறார். அந்த ஊர்க் காற்றுக்கென்று வாங்கின ஸ்வெட்டர் மேலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

இருபத்தைந்து நாளாக எழுதவில்லை.

ஜூலை 30, ஆடி 14, செவ்வாய்க்கிழமை. காலை டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நிதிஷும் மருமகள் தரணியும் மறுநாள் வந்தார்கள். கருமாதி முடிந்தது.

இவருடைய அக்கா மயிலாள் அண்ணி எல்லோர் நடுவிலும் சொன்னார்: "பத்தொம்பதாந்தேதி ஏறியிருந்தா எந்தம்பி அந்தக் கடலப் பாத்துட்டாவது போயிருப்பான்."

நிதிஷ் வெளியே எழுந்து போனான்.

பழைய அடைப்பு, எங்கே இருந்தாலும் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். வரட்டும். பதினொரு நாள் இருந்ததே. பதினொரு நாள் அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து டீ குடிச்சிருப்பாரே.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்றைக்கு அந்த விமானம். மதியம் சோற்றில் கை வைத்தபோது நினைவு வந்தது. எழுந்துவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

கோயிலுக்குப் போவதில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எந்த முகத்தோடு போவேன்? சாமி போ என்றது. நம்பாமல் திரும்பக் கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நிதிஷிடமும். அவன் தினமும் பேசுகிறான், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறான். வேறு எதையும் கேட்பதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்ததால் அவர்கள் புது வீட்டுக்கே போய்விட்டார்கள். வருஷத் திதி கழியாமல் பால் காய்ச்ச முடியாது.

ஜூன் 15, 2025, ஞாயிறு, விலா டோ கோண்டே

நிதிஷே வந்து அழைத்துவந்தான். செப்டம்பர் வரை இருக்கலாம்.

வீடு சின்னது. வெள்ளைச் சுவர், வாசலில் நீல ஓடு பதித்திருக்கிறது. தரணி ஜன்னலைத் திறந்து, "வாங்கத்தை, வந்து பாருங்க" என்றாள். பிறகு பார்க்கிறேன் என்று பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டேன். பானையை எடுத்து வைத்தேன். அவருடைய ஸ்வெட்டரும் வந்திருக்கிறது. லிஸ்ட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

லேய்ஷோயிஷ். அம்மாடி, எத்தனை கன்டெய்னர், மலை மலையாக. நிதிஷ் கம்பியருகே நின்று, இங்கேதான் இறங்கும் என்று கையைக் காட்டினான். போர்டில் அந்தப் பெயர். அவர் பெட்டி மேல் எழுதின அதே எழுத்துகள். எனக்கு இங்கிலீஷ் எழுத்தே அவர் கொண்டுவந்த பெட்டி அட்டையைப் பார்த்துத்தான் வந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். பென்சிலால் ஒரு டிக்.

காற்று குளிர்ந்து அடித்தது. ஸ்வெட்டரை நான் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

போன வாரம் காற்றாலைகள். இப்போது அதெல்லாம் வீடாகிவிட்டது, துணி காயப் போட்டிருக்கிறார்கள். இன்று அவெய்ரோ உப்பளம். முட்டளவுத் தண்ணீரில் நின்று ஒருவர் உப்பைக் கூட்டிக் குவித்தார். அவரைப் பார்த்தபடி நின்ற நிதிஷ், "அப்பா இருந்தா கிலோ என்ன வெலைன்னு கேட்டிருப்பாருங்க" என்றான். சிரித்தோம்.

கல் வாய்க்காலுக்கு எங்கும் போக வேண்டாம், ஊருக்குள்ளேயே தூண் தூணாக நிற்கிறது. நான்கு டிக் ஆகிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

வருஷத் திதி. கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டான். போனில் ஐயர் சொல்லச் சொல்ல இவன் திருப்பிச் சொன்னான். தண்ணீர் பனிக்கட்டி. கால் மரத்துப்போய் நின்றான் பிள்ளை.

கடலை நெருங்கிப் பார்த்தது இன்றுதான். நல்ல கடல்தான். அதனால்தான் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

மயிலாள் அண்ணி போனில் சொன்னார்: ஆவணி பிறக்கட்டும், தரணி பால் ஊற்றட்டும், நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்க. நான் சரிங்க என்றேன். தாலி இழந்தவள் முன்னால் நிற்கக் கூடாது என்று எத்தனை வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன். வள்ளியாத்தாளை அவள் மகன் வீட்டில் பின்கட்டுக்கு அனுப்பினது யார்? நான்தானே.

பானையை ஒருமுறை அடுப்பில் வைத்துப் பார்த்தேன். இங்கே தீ இல்லாத கண்ணாடி அடுப்பு. பித்தளை அதற்கு ஆகாதாம், சூடே ஏறவில்லை. எவர்சில்வர் போதும் என்கிறாள் தரணி. அவர் தட்டிப் பார்த்து வாங்கின பானை.

ஜூலை 29, செவ்வாய்

இங்கே இரவு எட்டு மணிக்கும் வெயில் அடிக்கிறது. தரணி கடைக்குப் போயிருந்தாள். நிதிஷ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். அப்பா எழுதின லிஸ்ட்டில் ஜன்னலுக்கு மட்டும் ஏன் இன்னும் டிக் போடவில்லை என்று கேட்டான். அதற்கு மேல் மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"கண்ணு, நான் அன்னிக்குப் பூ ரெண்டு வாட்டி கேட்டேன். மொதல்ல வெள்ளதான் வந்துச்சு."

அவன் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுமுங்கம்மா."

அன்றைக்கே தெரியுமாம். எண்ணெய்ப் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டு நான் உள்ளே போய்விட்டேனாம். அதைக் கொடுக்க வந்த அவன் அப்பா தூணருகே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வெளியே போய் நிதிஷைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டேன். அப்பா குரலிலேயே சொன்னான் பிள்ளை:

"உங்கம்மா ரெண்டாந்தடவ கேட்டுட்டு இருக்கறா. அவளுக்கு மனசு ஒப்பல. மனசு ஒப்பாமப் பால் காச்சுனா அவ பயந்துட்டே இருப்பா. டிக்கெட்ட மாத்திப் போடு சாமி. அவகிட்ட ஒண்ணும் கேக்காத."

ஒரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றேன். "கேக்காதன்னு சொல்லியிருந்தாருங்க" என்றான். அப்போதுதான் அழுதான்.

தெரிஞ்சும் ஏன் அந்த மனுசன் அடம் பிடிக்கல? வெள்ளதான வந்துச்சு அம்மிணின்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் கெளம்பியிருப்பனே. என் பயத்துக்காக அவர் கடல விட்டுக் குடுத்தாரு. நான் அத ஜெயிச்சதா நெனச்சு நோட்டுல 18,400 எழுதிட்டு உக்காந்திருந்தேன்.

ஜூலை 30, புதன்

ஆடி 14.

காலையில் குளித்துவிட்டுப் பானையைத் தேய்த்தேன். இன்றைக்குப் பால் காய்ச்சலாம் என்றேன். தரணி நிதிஷைப் பார்த்தாள். "ஆவணிக்கு இன்னும் பதினெட்டு நாள்தானுங்கம்மா" என்றான். ஆமாம் என்றேன். அவன் கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொன்னான்.

பக்கத்து வீட்டு எமிலியா அம்மாவிடம் சின்ன கேஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது. வாசலில் மீன் சுடுவார். எப்போதும் கறுப்பு உடைதான். அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருபது வருஷம் ஆகிறது என்று தரணி முன்பே சொல்லியிருந்தாள். என்ன விஷயம் என்று நிதிஷ் அவர் பாஷையில் விளக்கியதும், அடுப்பைத் தானே தேய்த்துக் கழுவித் தூக்கிக்கொண்டு வந்தார். போகாமல் நின்றார். நிற்கட்டும் என்றேன்.

அடுப்பை ஜன்னலடியில் வைத்தோம். நிதிஷ் அப்பா படம் கிழக்குப் பார்த்து. தரணி பால் பாக்கெட்டை நீட்டினாள், தள்ளி நிற்கவில்லை நான். நானே ஊற்றினேன். நானே பற்றவைத்தேன். யாரையும் கேட்கவில்லை; பூவையும்.

பால் பொங்க நேரம் எடுத்தது. அதுவரை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம்தான் கடல். ஒரு படகு இந்தக் கூரையிலிருந்து அந்தக் கூரைக்குப் போய் மறைவதற்குள் நுரை ஏறிவிட்டது.

மேற்கே வழிந்தது. மேற்கு ஆகாது என்பார்கள். கடல் அங்கேதான் இருக்கிறது.

முதல் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தேன். லிஸ்ட்டை எடுத்து ஐந்தாவதற்கும் டிக் போட்டேன்.