குரல் கட்டம் காலி

கிழக்குத் தாம்பரம்
4.3.1988

அன்புள்ள ஹாஜா மைதீன்,

நான் நலம். உன் நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. மலாய்ப் பறவைப் பெயர்கள் என்று நீ கடைசியாக அனுப்பிய பட்டியலில், பதினொரு பறவைகளுக்குக் 'குரல்' கட்டம் காலி. பெயர் அதன் கூவலிலிருந்து வந்ததா, நம் பக்கத்துச் சொல் கப்பலேறிப் போனதா என்பதுதானே ஏழு வருடமாக நம் சண்டை? குரலே இல்லையென்றால் யாரோடு மல்லுக்கட்டுவது?

பெருங்களத்தூர் அச்சகத்துக் கிட்டு வாசலில் நின்று, "இன்னா சார், புக்கு வருமா வராதா? எழுத்து கோத்து வச்சிகினு எத்தினி நாள் குந்தினுகீறது?" என்கிறான். உடனே அனுப்பு.

சத்தியநாதன்

* * *

பினாங்கு
22.3.1988

அன்பு சத்தியாவுக்கு ஸலாம்.

'அங்சா' நம் ஹம்சம்தான். 'மெர்பாத்தி'யும் வடமொழிப் 'பாராவத'ப் புறாதான். அதற்காகக் காக்கையைக் 'ககாக்' என்பதற்குமா நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விடுவாய்? அது கத்துவதைக் கேட்டால் போதாதா? 'தெக்குக்கூர்' புறாவும் அப்படித்தான்.

இங்கே ஓயாத மழை. காட்டுப் பக்கம் போக முடியவில்லை. அந்தப் பதினொன்றுக்கும் நீ சொல்கிற மூலத்தையே போட்டுக்கொள்.

உன் ஹாஜா

* * *

கிழக்குத் தாம்பரம்
9.4.1988

ஹாஜா,

மழையாம். யாரிடம் கதை விடுகிறாய்? 'குவாவ்' காட்டுக்கோழியின் குரலுக்காகக் குடை பிடித்து நாலு மணி நேரம் நின்றவன் நீ. ஒரு குருவியைக்கூட விட்டுக்கொடுக்காதவன் பதினொன்றைத் தூக்கிக் கொடுத்தால் எனக்குச் சந்தேகம் வராதா? கிறிஸ்துமஸுக்கு டிரங்க் கால் போட்டேன். உன் மகன் உமர்தான் பேசினான், நீ வரவில்லை. "அவருக்கு என்னமோ ஆயிடுச்சுங்க, நீங்க சும்மா திட்டிக்கிட்டே இருக்காதீங்க" என்கிறாள் சாராள். கட்டியவள் பேச்சும் கேட்க வேண்டியிருக்கிறது.

தெக்குக்கூர் உன் கட்சிதான், ஒப்புக்கொண்டேன். இப்போதாவது உண்மையைச் சொல்.

சத்தியநாதன்

* * *

பினாங்கு
2.5.1988

அன்பு சத்தியா,

நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுத மனம் வரவில்லை. போன நோன்போடு வலது காது போயிற்று. டிசம்பரோடு இடதும். வாசல் மரத்தில் தெக்குக்கூர் உட்கார்ந்திருக்கிறது. கழுத்து உப்புகிறது, அடங்குகிறது. அவ்வளவுதான் எனக்கு.

உமரைக் காட்டுக்குக் கூப்பிட்டால் ஆபீஸ் என்கிறான். உன்னிடம் சொன்னால் பாவம் பார்த்துச் சண்டையை விட்டுவிடுவாயோ என்றுதான் பயந்தேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் சண்டை போட? புத்தக அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

ஹாஜா

* * *

கிழக்குத் தாம்பரம்
20.5.1988

அட முட்டாளே,

பெயரையெல்லாம் எடுக்க முடியாது. கிட்டுவிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்; அவன் கத்தினான், கத்தட்டும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. உன்னோடு காட்டுக்கு வருகிறேன். என் காதால் கேட்டதை அப்படியே எழுதி உன் கையில் தருகிறேன், அது என் கட்சிக்கு எதிராக இருந்தாலும். படித்துவிட்டு அங்கேயே திட்டு.

உன் கடிதத்தைப் படித்துச் சாராளும் அழுதாள், நானும் அழுதேன். அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. தெக்குக்கூர் பற்றிப் போன கடிதத்தில் ஒப்புக்கொண்டதை வாபஸ் வாங்குகிறேன். அது தமிழ்ப் பெயர்தான். பதில் எழுது.

சத்தியநாதன்