நான்கு ஓட்டைகள்

மார்ச் 3, செவ்வாய்

போன் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு சர்க்யூட் ஒரு விஷயமா? அக்காவின் குழந்தை அழுதால் அடுக்களையில் விளக்கு மின்னும் – அரை நாளில் முடித்தேன். ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால், தண்ணீர் மோட்டார் ஓடும்போதெல்லாம் மின்னித் தொலைக்கிறது. மோட்டாரின் மின்னிரைச்சலைத் தடுக்க உலோகப் பெட்டிதான் சரி.

அக்காவுக்குக் காது கேட்காது. அவள் மாமியார் நேற்றுத் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "புள்ள அழுறது இவளுக்கு எப்படித் தெரியும்? ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குத் தூக்கிட்டுப் போறேன். ஒரு வயசு ஆகட்டும்."

அக்கா வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஞாயிறுக்குள் முடிப்பேன்.

மார்ச் 4

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. கம்பிகள் போக ஓட்டை போட, தடித்த டிரில் முனையை எடுத்த எடுப்பிலேயே அலுமினியப் பெட்டியில் வைத்து அழுத்தினேன். தகட்டைக் கவ்வி, பெட்டியையே சுழற்றிவிட்டது. ஓட்டையா அது? எலி கடித்த மாதிரி. போகட்டும், பெட்டிதானே.

மார்ச் 5

இரண்டாவது அலுமினியப் பெட்டி. காகித டேப் ஒட்டி அளந்து கோடு போட்டேன். முனை வழுக்காமலிருக்க ஆணியால் புள்ளி தட்டினேன். உள்ளே மரக்கட்டை முட்டுக்கொடுத்து, முதலில் சின்னத் துளை. பிறகு படிப்படியாகப் பெரிதாகும் கூம்பு முனை. ஒரு சொட்டு எண்ணெய், நிதானம். மைக், மின்சாரம், விளக்குக் கம்பி – மூன்றுக்கும் ஓட்டைகள் முத்து முத்தாக விழுந்தன.

சுவிட்சுக்குச் சதுர ஓட்டை. கோட்டுக்கு உள்ளேயே வரிசையாகத் துளைத்து, நடுவைப் பெயர்த்து, கோடு வரை அரத்தால் ராவினேன். ஒன்றரை மணி நேரம். சுவிட்ச் டக்கென்று உட்கார்ந்தது. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

மார்ச் 7

அக்கா வீட்டில் தொட்டிலருகே மாட்டியாயிற்று. மாமியார் ஓட்டை விளிம்புகளில் விரல் ஓட்டிப் பார்த்தார். பிசிறே இல்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா பொட்டியா எந்திரிச்சு வந்து புள்ளையத் தூக்கும்?"

சுருக்கென்றது. எங்கக்கா தூக்குவா! இதை ஏன் அங்கேயே சொல்லாம வந்தேன்?

மார்ச் 8, ஞாயிறு

மாமியார் கூடத்தில் குழந்தைத் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறையில் அழுகை. அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து அறை வாசலுக்குப் போவதற்குள், அடுக்களையிலிருந்து வந்த அக்காவின் தோளில் குழந்தை கிடந்தது. பசியில்லை, ஈரம் என்று அக்கா கைஜாடை காட்டினாள்.

மாமியார் கூடத்துக்குத் திரும்பினார். பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

மார்ச் 14

மாமியாரிடமிருந்து போன்.

"ஏம்மா, அந்தப் பொட்டி இன்னொண்ணு பண்ணுவியா? அடுத்த மாசம் உங்கக்கா புள்ளையோட இங்க பத்து நாள் தங்க வர்றா. இங்கயும் அடுப்படியில லைட்டு வேணும்ல?"