நர்ஸிடம் நலம் விசாரித்தவள்

செவ்வாய், இரவு.

என் மனைவி மீனாவுக்கு மூட்டுவாதம். மருத்துவமனையில் இனி டாக்டரைப் பார்க்க முன்கூட்டியே தேதி தரமாட்டார்களாம். வீங்கினால் நாம்தான் போனில் கூப்பிட வேண்டும். மூன்று நாளாக விரல்கள் வீங்கியிருந்தும் அவள் கூப்பிடவில்லை. என் கடையிலும் கேட்காத வாடிக்கையாளருக்கு யார் சரக்கு கொடுப்பார்? இன்று நானே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றாள் தமிழ் நர்ஸ்.

"நல்லா இருக்கேன்மா. நீ சாப்பிட்டியா?"

"வீக்கத்தைச் சொல்லு லா," என்றேன்.

"இவர்தான் சும்மா பயப்படுறாரு."

நர்ஸ் விடவில்லை. "அண்ணே, அவங்களால கையை முழுசா மூட முடியுதா?"

நான் மீனாவின் விரல்களைப் பார்த்தேன்.

மீனாதான் சொன்னாள், "முடியலைம்மா."

நாளைக் காலையே வரச் சொல்லிவிட்டார்கள்.

"அப்போ கடை?" என்றாள் மீனா.

"மத்தியானம் திறந்தா வியாபாரம் செத்துடாது. நீ படு."