ஒட்டுக்குப் பக்கத்தில்

மார்ச் 4
படகில் தீவுப் பாலத்துக்கு அடியில் போய்ப் பார்த்தோம். போன முறை பழுதுபார்த்தபோது வெடித்த இடங்களை மட்டும் கொத்திப் புதுக் கான்கிரீட் பூசியிருந்தார்கள். அந்த ஒட்டு கல்லு மாதிரி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சுத்தியலால் தட்டினால்தான் காலிக் குடம் மாதிரிச் சத்தம். பழைய கான்கிரீட்டில் ஊறிய கடல் உப்பை யாரும் எடுக்கவில்லை. துரு ஒட்டை விட்டுப் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. கொத்திப் பார்த்தேன். கட்டைவிரல் கனக் கம்பி பென்சிலாக மெலிந்திருந்தது. பூசி மறைப்பதில் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 6
எந்த வண்டியையும் விடக்கூடாது என்று ஆய்வறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நடந்து போகலாம், அவ்வளவுதான். "ஆம்புலன்ஸை மட்டும் விடலாமே?" என்றார் மேலதிகாரி. முடியாது என்றேன். சொல்லும்போது தீவில் அக்கா வீட்டில் இருக்கும் அப்பாதான் கண்முன் நின்றார்.

மார்ச் 7
அப்பா போன் செய்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தப் பாலத்தில் பஸ் ஓட்டியவர். "ஏம்மா, டிரைவருக்கே நோ என்ட்ரியா?" என்று சிரித்தார். அக்கா போனைப் பிடுங்கினாள். "அவருக்கு மறுபடி நெஞ்சு வலிச்சா நான் என்னடி பண்ணுவேன்?"
படகு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னேன்.
"காத்தடிச்சா?"


ஏப்ரல் 19
அப்பா போய்விட்டார்.

ஏப்ரல் 22
அன்று நல்ல காற்று. படகு கிளம்பவில்லை. ஆம்புலன்ஸ் இந்தக் கரையில் தடுப்புக்கு வெளியே நின்றிருக்கிறது. அத்தானும் பக்கத்து வீட்டுக்காரரும் அப்பாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நடுப்பாலத்தில் உயிர் அடங்கிவிட்டது.
அக்கா அழவில்லை. "ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு தடவை. தாங்கியிருக்காதாடி?" என்று மட்டும் கேட்டாள்.
தாங்கியிருக்குமோ? தெரியலையே. எனக்கே தெரியலையேப்பா.

ஜூலை 2
இந்த முறை கம்பிக்குப் பின்பக்கம் வரை உப்பேறிய கான்கிரீட்டைக் கொத்தி எடுக்கிறோம். ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு துத்தநாகத் துண்டுகளைக் கட்டுகிறோம். கம்பிக்குப் பதிலாக அவை கரையும்.
நடுப்பாலத்துக்குக் கீழே ஒரு கம்பி கையோடு பிய்ந்து வந்தது. "நல்லவேளை மூடினீங்க மேடம்" என்றார் கொத்தனார். அக்காவுக்கு அனுப்பப் படம் எடுத்தேன். அனுப்பி? நான் செய்தது சரி என்று சொல்லவா? அழித்துவிட்டேன்.

டிசம்பர் 11
பாலம் திறந்தாயிற்று. காலையில் முதல் பஸ் போனபோது அடியில் நின்று சத்தத்தைக் கேட்டேன். அப்பா ஓட்டுவது போலவே இருந்தது. அழுகை நிற்கவில்லை.
சாயங்காலம் அக்கா வந்தாள், இத்தனை மாதம் கழித்து. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை என் கையில் வைத்தாள். காபி கொடுத்தேன், குடித்தாள்.
"பஸ்ல கூட்டமாக்கா?"
"படகுலதான் வந்தேன்" என்றாள்.