மூன்றாம் ஜன்னலில் கேட்கப்படும் சான்று

அனுப்புநர்:
முதுநிலை வேதியியலாளர்,
குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்.
(பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
மண்டல சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: மாதவிலக்கில் இருப்பதை நிரூபித்தால் மட்டுமே கருத்தடை மாத்திரை தரும் வழக்கத்தை நிறுத்தக் கோருதல், அதனால் என் தங்கைக்கு நேர்ந்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பொறுப்பிலுள்ள குடும்ப நல மையத்தில் செவ்வாய்க்கிழமைகளில் மூன்றாம் ஜன்னலில் கருத்தடை மாத்திரை தரப்படுகிறது. மாதவிலக்கில் இருக்கும் பெண்ணுக்கு மட்டுமே முதல் மாத்திரை அட்டை. வாய்வார்த்தை போதாது. பக்கத்திலுள்ள தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போய், அணிந்திருக்கும் நாப்கினைக் கொண்டுவந்து செவிலியரிடம் காட்ட வேண்டும். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்பவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லாததால் எழுதுகிறேன்.

2. என் தங்கை பேருந்து நடத்துநர். அவளுக்கு இரண்டு பிரசவமும் அறுவை சிகிச்சை. உள்தையல் நன்றாக ஆற வேண்டும், இரண்டு வருடத்துக்கு அடுத்த கரு கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழந்தைக்கு எட்டு மாதமானபோது, பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற ஹார்மோன் மாத்திரையை அவரே எழுதிக் கொடுத்து, இங்கே கடைகளில் கிடைக்காது என்பதால் மையத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். பிரசவத்துக்குப் பின் தங்கைக்கு மாதவிலக்கு திரும்பியிருக்கவில்லை. பால் கொடுக்கும் பலருக்கும் அப்படித்தான். மருத்துவருக்கு அது தடையாகப் படவில்லை.

3. ஜன்னலில் தடையாகப் பட்டது. "டேட் வரட்டும்மா, அப்புறம் வாங்க" என்றார் செவிலியர். எப்போது வரும் என்று தெரியாதே என்று இவள் சொன்னதற்கு, "அதுவரைக்கும் வீட்டுக்காரரைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க" என்றார். வரிசை சிரித்தது. நாள் முழுக்க நெரிசலில் ஆண்களை அதட்டி டிக்கெட் கிழிப்பவள், மருத்துவரின் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

4. அடுத்த செவ்வாய் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். கரு இல்லை என்று காலையில் வீட்டில் செய்த பரிசோதனை காட்டியது. அதை நீட்டினோம். "கடையில வாங்குனதெல்லாம் இங்க செல்லாதும்மா." அப்படியானால் நீங்களே பரிசோதியுங்கள் என்றேன். "வர்றவங்களுக்கெல்லாம் டெஸ்ட் போட்டா எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?" என்றார்.

5. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தங்கையிடம் குனிந்து, "என்னோடத எடுத்துட்டுப் போய்க் காட்டும்மா. நானே போன வருஷம் இப்படித்தான் ஒருத்திகிட்ட வாங்கிக் காட்டுனேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தங்கை மறுத்துவிட்டாள். இப்படி நடப்பது தெரியுமா என்று செவிலியரிடம் கேட்டேன். "தெரியாம என்ன மேடம்? எல்லாரும் எதையாவது கொண்டுவந்து காட்டிடறாங்க. பாத்தேன்னு நான் எழுதணும், அவ்வளவுதான். உங்க தங்கச்சிதான் ரொம்ப நேர்மை" என்றார். ஐயா, நான் தண்ணீரைப் பரிசோதித்துப் பிழைப்பவள். யாருடைய வீட்டுக் குழாயிலிருந்து வந்தது என்று தெரியாத பாட்டிலை எங்கள் கூடத்தில் பரிசோதிக்காமலே கீழே கொட்டிவிடுவோம். தங்கள் மையம் அப்படிப்பட்டதையே ஆதாரமாக ஏற்கிறது. உண்மை சொன்னவளை வெளியே அனுப்புகிறது.

6. சந்தேகப்படுவது என் தொழில் என்பதால், விதியில் ஏதேனும் நியாயம் இருக்குமோ என்று மருத்துவரிடம் கேட்டேன். மாதவிலக்கின் முதல் நாட்களில் தொடங்கினால் பாதுகாப்பு உடனே கிடைக்கும். அது ஒரு வசதி மட்டுமே. கரு இல்லை என்று உறுதியானால் எந்த நாளிலும் தொடங்கலாம். முதல் சில நாட்களுக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்தினால் போதும். பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்கு எட்டிப்பார்க்கும் முன்பே கருத்தரிக்கவும் கூடும். ஆக, "டேட் வந்தபிறகு வா" என்பது சில பெண்களுக்கு, கர்ப்பமான பிறகு வா என்பதுதான்.

7. தங்கை அப்படித்தான் வந்தாள். மூன்றாம் முறை அவள் வாந்தியோடு போய் நின்றபோது மையத்திலேயே பரிசோதித்தார்கள். இந்த முறை கட்டுப்படியானது. கர்ப்பம் என்று தெரிந்ததும் செவிலியர் சொன்னது: "பாத்தீங்களா, நல்லவேளை அன்னைக்கு மாத்திரை குடுக்கல." நாங்கள் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் கரு உண்டானது என்பதை ஸ்கேன் காட்டுகிறது. தங்கள் ஊழியர் தடுக்கத் தவறியதையே தன் முன்யோசனைக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்.

8. இந்த விதி யார் போட்டது என்று தங்கள் அலுவலகத்திலும் விசாரித்தேன். "ஆர்டர்னு எதுவும் இல்ல மேடம், ரொம்ப நாளா அப்படியே ஓடுது" என்றார் எழுத்தர்.

9. இன்று என் தங்கை பிரசவ வார்டில் படுத்திருக்கிறாள். மாதம் நிறையவில்லை. நஞ்சுக்கொடி பழைய தையல் தழும்பின்மேல் ஒட்டியிருக்கிறது, பிரிக்கும்போது உயிருக்கே ஆபத்தாகலாம் என்கிறார்கள். இரத்தப்போக்கு விட்டுவிட்டு வருகிறது. ஜன்னலில் பார்க்க விரும்பிய இரத்தம் இதுவா என்று தெரியவில்லை. பார்க்க இதுவரை யாரும் வரவில்லை.

ஆகவே, எந்த உத்தரவும் இல்லாத இந்த வழக்கத்தை வரும் செவ்வாய்க்கு முன் நிறுத்தி, நிறுத்திவிட்டதாக ஜன்னலிலேயே எழுதி ஒட்ட வேண்டும். எந்தப் பெண்ணிடமும் நாப்கினைக் காட்டச் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் மையமே பரிசோதிக்க வேண்டும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவைப்பட்டால் நானே வாங்கித் தருகிறேன்.

இன்னொன்று. நேற்று தங்கை என்னிடம், "அக்கா, அந்தப் பொண்ணு குடுத்தத வாங்கிக் காட்டியிருக்கலாம். நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். தவறு அவளுடையது அல்ல என்று நான் சொன்னால், அக்கா ஆறுதல் சொல்கிறாள் என்றுதான் நினைக்கிறாள். தவறு யாருடையது என்று தங்கள் கையொப்பத்துடன் ஒரு வரி தேவை. இந்த வாரக் கடைசியில் அவளை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு முன் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளியின் அக்கா
(கையொப்பம்)

இடம்: பிரசவ வார்டின் வெளித் தாழ்வாரம்
நாள்: செவ்வாய்க்கிழமை, மூன்றாம் ஜன்னல் திறந்திருக்கும் நேரம்